காற்றின் எடை: மோட்டார் பந்தயங்களில் கீழழுத்தமும் ஓட்டுநர் திறனும்

பந்தயக் கார் ஒன்று வளைவில் எவ்வளவு வேகமாகத் திரும்ப முடியும் என்பதை இறுதியில் தீர்மானிப்பது எஞ்சின் அன்று, தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நான்கு டயர்களின் பிடிப்பே. அந்தப் பிடிப்போ டயர் தரையில் எவ்வளவு பலமாக அழுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தது. காரின் எடையைக் கூட்டினால் பிடிப்புக் கூடும் என்றாலும், வளைவில் திருப்ப வேண்டிய கனமும் கூடவே ஏறிவிடுவதால் அதில் ஆதாயம் இல்லை. கனத்தை ஏற்றாமல் அழுத்தத்தை மட்டும் ஏற்றும் வழி, காரின் மேலும் கீழும் பாயும் காற்றைக் கொண்டே காரைத் தரையோடு அமுக்குவதாகும். விமானத்தின் இறக்கையைத் தலைகீழாகப் பொருத்தினால் அது வண்டியைத் தூக்காமல் கீழே தள்ளும்; பந்தயத் துறையில் டவுன்ஃபோர்ஸ் என்று வழங்கும் இந்த விசையைக் கீழழுத்தம் எனலாம். வேகம் இரட்டித்தால் கீழழுத்தம் நான்கு மடங்காகிறது. ஆகவே, ஒரு வளைவில் தயங்கி மெதுவாக நுழையும் கார் வழுக்கிவிட, அதே கார் அதே வளைவில் துணிந்து வேகமாக நுழைந்தால் பிடித்து நிற்கும் என்ற, அனுபவ அறிவுக்கு முற்றிலும் முரணான நிலை உருவாகிறது.

காற்று ஓட்டுநரின் வேலையைப் பறித்துக்கொண்டது என்ற குறை, கார்களில் இறக்கை முளைத்த 1960களின் இறுதியிலிருந்தே பேசப்பட்டுவருகிறது. அதில் உண்மை அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடியே கடக்கக்கூடிய வளைவு, ஓட்டுநரைப் பொறுத்தவரை வளைவாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. எனினும் பந்தயங்களை வகை வகையாகப் பிரித்து நோக்கினால், திறன் தேய்ந்துபோனதைவிட அது இடம் பெயர்ந்ததே மிகுதியாகத் தென்படுகிறது. எந்தப் பந்தயத்துக்கு எவ்வளவு காற்று என்பதை இயற்கை முடிவு செய்யவில்லை, விதிப்புத்தகங்கள் முடிவு செய்தன. ஒவ்வொரு வகையிலும் 'நல்ல ஓட்டுநர்' எனப்பட்டவரின் இலக்கணம் அந்த விதிகளுக்கேற்ப வெவ்வேறாக அமைந்தது.

1960களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான வடிவமைப்பாளர்கள் காற்றைத் தடையாக மட்டுமே கருதினர். காற்றைக் கிழித்துச் செல்லும் வழவழப்பான உடல்களை அவர்கள் வார்த்தெடுத்தபோது, அவை மிகுவேகத்தில் காரைச் சற்றே மேலே தூக்கின. குறுகிய டயர்கள் ஏற்கெனவே குறைவாக வைத்திருந்த பிடிப்பு இதனால் இன்னும் குறைந்தது. சக்கரம் நோக்கும் திசைக்கும் டயர் உண்மையில் நகரும் திசைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைச் சறுக்குக் கோணம் என்பர். அக்காலத்து டயர்கள் பெரிய சறுக்குக் கோணத்திலும் பிடிப்பை ஒரேயடியாக இழக்காமல் படிப்படியாகவே விட்டுக்கொடுத்தன. அதனால் நான்கு சக்கரங்களையும் ஒருசேர வழுக்கவிட்டு, ஸ்டீயரிங்கைவிட ஆக்சிலரேட்டராலேயே காரைத் திருப்பும் முறை வளர்ந்தது. இத்தாலியின் டாசியோ நுவோலாரி அதன் முன்னோடியாகப் போற்றப்படுகிறார். 1957ஆம் ஆண்டு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில், எரிபொருளுக்கும் டயருக்கும் நின்றதில் இழந்த நேரத்தைச் சுற்றுச் சாதனையைத் திரும்பத் திரும்ப முறியடித்தே மீட்டு, முன்னே சென்ற இரண்டு ஃபெராரிகளையும் முந்திய அர்ஜென்டினாவின் ஹுவான் மனுவேல் ஃபாஞ்சியோவின் மசெராட்டியில் காற்றின் உதவி எள்ளளவும் இல்லை. பிழை நேர்ந்தபின் அதைத் திருத்தும் வேகமே அன்றைய திறனின் உரைகல்லாக இருந்தது.

காற்றைத் துணைக்கு அழைக்கும் எண்ணம் அதற்கு முன்பே ஓரங்களில் தலைகாட்டியிருந்தது. 1928இல் ஃபிரிட்ஸ் ஃபான் ஓப்பல் பெர்லினின் ஆவுஸ் தடத்தில் மணிக்கு 238 கி.மீ. வேகத்தை எட்டிய ராக்கெட் காரின் இருபுறமும், அதைத் தரையில் நிறுத்தி வைப்பதற்கென்றே குட்டை இறக்கைகள் இருந்தன. 1956இல் சுவிஸ் பொறியாளரான மைக்கேல் மே தம் போர்ஷே 550 காரின் மேல் பெரிய தலைகீழ் இறக்கை ஒன்றைப் பொருத்தி நூர்பர்க்ரிங்குக்குக் கொண்டுவந்தபோது, அதிகாரிகள் அதை ஓட அனுமதிக்கவில்லை. பொறியியல் தன் முடிவைச் சொல்வதற்குள் விதி முந்திக்கொண்ட முதல் குறிப்பிடத்தக்க நிகழ்வாக இதைக் கொள்ளலாம்.

இறக்கையை உண்மையில் நிலைநாட்டியவர் டெக்சாஸ் மாநிலத்து மிட்லண்டைச் சேர்ந்த, தாமே பொறியாளராகவும் ஓட்டுநராகவும் இருந்த ஜிம் ஹால். வட அமெரிக்காவில் ஏறத்தாழ விதிக்கட்டுப்பாடே இல்லாமல் நடந்த கேன்-ஆம் பந்தயத் தொடருக்காக அவர் 1966இல் கொண்டுவந்த சாப்பரல் 2இ காரின் பின்புறம், உயர்ந்த இரு தூண்களின் மேல் இறக்கை நின்றது. தூண்கள் உடலில் ஊன்றப்படாமல் பின்சக்கரங்களைத் தாங்கும் பகுதியிலேயே ஊன்றப்பட்டதால், காற்றின் அழுத்தம் சஸ்பென்ஷனை நசுக்காமல் நேரே டயருக்குச் சென்றது. காரில் கிளட்ச் மிதி தேவைப்படாத கியர் அமைப்பு இருந்தமையால் ஓட்டுநரின் இடக்கால் ஓய்வாக இருந்தது. ஹால் அந்தக் காலுக்கு இறக்கையை ஒப்படைத்தார். நேர்தடத்தில் மிதியை அழுத்தினால் இறக்கை படுத்துக் காற்றுக்கு வழிவிடும், வளைவுக்கு முன் காலை எடுத்தால் நிமிர்ந்து காரை அமுக்கும். ஆக, கீழழுத்தம் பந்தயத்துக்குள் நுழைந்த அந்த முதல் ஆண்டிலேயே அது ஓட்டுநரின் வேலையைக் குறைக்கவில்லை, ஒரு காலுக்குப் புதிய வேலை கொடுத்தது. அவ்வாண்டு லகூனா சேக்கா பந்தயத்தில் ஃபில் ஹில்லும் ஹாலும் முதலிரண்டு இடங்களைப் பிடித்தனர். நான்கு ஆண்டுகள் கழித்து ஹாலின் நிறுவனம் கொண்டுவந்த 2ஜே கார், தனியொரு சிறு எஞ்சினால் சுழலும் இரண்டு விசிறிகளைக் கொண்டு அடியிலிருந்த காற்றை உறிஞ்சி வெளியேற்றித் தரையோடு ஒட்டிக்கொண்டது. கார் நின்றிருந்தாலும் குறையாத அந்த அழுத்தம், வேகத்துக்கும் பிடிப்புக்கும் இடையிலான உறவையே அறுத்துவிட்டது. மற்ற அணிகளின் எதிர்ப்பால் அது அந்தப் பருவத்தோடு தடை செய்யப்பட்டது.

ஐரோப்பாவின் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு இறக்கை 1968ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் ஃபெராரி, பிரபாம் அணிகளின் வழியாக வந்து, சில மாதங்களுக்குள் மெல்லிய கம்பிகளின் மேல் ஆபத்தான உயரத்துக்கு வளர்ந்தது. 1969 ஸ்பானிய கிராண்ட் பிரீயில் கிரஹாம் ஹில், யோகன் ரிண்ட் ஆகிய இருவரின் லோட்டஸ் கார்களிலும் இறக்கை முறிந்து இருவரும் தடுப்பில் மோதினர். காயமடைந்த ரிண்ட், இறக்கைகளை ஒழிக்கக் கோரிப் பத்திரிகைகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அடுத்த மோனகோ பந்தய நாள்களின் நடுவிலேயே, முதல் பயிற்சி ஓட்டத்துக்குப் பின், உயர் இறக்கைகள் தடை செய்யப்பட்டன. பின்னர் உடலோடு இறுகப் பொருத்திய, உயரம் வரையறுக்கப்பட்ட இறக்கைகள் மட்டும் அனுமதிக்கப்பட்டன. ஓட்டுநர் அசைக்கக்கூடிய இறக்கைக்கு, 2011இல் முந்துவதற்கு உதவும் திறப்பு இறக்கை வரும்வரை, அங்கே ஏறக்குறைய இடமில்லாமல் போயிற்று.

நெடுந்தூரப் பந்தயங்களில் கதை வேறு விதமாகத் தொடங்கியது. அங்கே வளைவு வேகத்தைவிட நேர்தடத்தில் நிலைகுலையாமல் ஓடுவதே முதல் தேவையாக இருந்தது. 1969இல் அறிமுகமான போர்ஷே 917 மிகுவேகத்தில் அலைபாய்ந்து ஓட்டுநர்களை அச்சுறுத்தியது. ஆஸ்திரியாவில் நடந்த சோதனையின்போது, காரின் முன்பகுதியெங்கும் பூச்சிகள் மோதி இறந்திருக்க, வால்பகுதி மட்டும் துப்புரவாக இருப்பதைப் பொறியாளர் ஜான் ஹார்ஸ்மன் கவனித்து, காற்று வாலைத் தொடவே இல்லை என்று ஊகித்தார். அலுமினியத் தகடுகளை வெட்டி ஒட்டி வாலை உயர்த்தியதும் கார் அடங்கியது. 1970இல் அக்காரே போர்ஷேக்கு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தின் முதல் ஒட்டுமொத்த வெற்றியைத் தந்தது. அடங்கிய காற்று மீண்டும் திமிறும் என்பதை 1999 லெ மான் காட்டியது, மெர்சிடிஸ் சி.எல்.ஆர். கார்கள் மேடுகளில் மூக்கைத் தூக்கிய கணத்தில் கீழழுத்தம் தலைகீழாகி, அவை விமானம்போல் எழும்பிப் புரண்டன. அந்தக் கணத்தில் ஓட்டுநரின் திறனுக்கு அங்கே எந்த வேலையும் இல்லை.

ஃபார்முலா ஒன்னில் இறக்கையைவிடப் பெரிய மாற்றம் காரின் அடியிலிருந்து வந்தது. கோலின் சாப்மனின் லோட்டஸ் அணியில் டோனி ரட், பீட்டர் ரைட் ஆகியோரின் ஆய்விலிருந்து பிறந்து 1977இல் ஓடத் தொடங்கிய லோட்டஸ் 78, தன் பக்கப் பெட்டிகளின் அடிப்பாகத்தையே தலைகீழ் இறக்கையாக வளைத்திருந்தது. காருக்கும் தரைக்கும் இடையிலான குறுகிய வழியில் காற்று விரைந்து பாய்கையில் அங்கே அழுத்தம் தாழ்ந்து, கார் முழுவதும் கீழே இழுபட்டது. பக்கங்களிலிருந்து காற்று புகாமல் தடுக்கத் தரையை உரசும் நகரும் பாவாடைகள் பொருத்தப்பட்டன. இதன் வழிவந்த லோட்டஸ் 79ஐக் கொண்டு மாரியோ ஆண்ட்ரெட்டி 1978இல் உலகப் பட்டத்தை வென்றார். ஆனால் காரைத் தரையிலிருந்து மாறாத உயரத்தில் வைத்திருப்பதற்காகச் சஸ்பென்ஷன்கள் கல்லாக இறுகின. பாவாடை ஒன்று சிக்கி மேலேயே நின்றுவிட்டால், பிடிப்பு முன்னறிவிப்பின்றி மறைந்தது. சறுக்கலின் மூலம் கார் ஓட்டுநரோடு பேசும் பழைய வழக்கம் இங்கே நின்றுபோனது. வழுக்கவிட்டு ஓட்டுவதில் தன்னிகரற்றவராகக் கருதப்பட்ட கனடாவின் ஜீல் வில்னவ் இவ்வகைக் கார்களை வெளிப்படையாகக் குறைகூறினார். நகரும் பாவாடைகள் 1981இலும், அடிவளைவுகள் 1983இலும் விலக்கப்பட்டன.

திறன் எங்கே இடம் பெயர்ந்தது என்பதற்கு, 1991, 1992 ஆகிய ஆண்டுகளில் வில்லியம்ஸ் அணியில் இணைந்து ஓட்டிய நைஜல் மான்செல், ரிக்கார்டோ பட்ரேசே இருவரின் ஒப்பீட்டைவிடத் தெளிவான சான்று அரிது. 1991இல் வழக்கமான சஸ்பென்ஷன் கொண்ட காரில், பருவத்தின் முதல் ஏழு தகுதிச் சுற்றுகளிலும் பட்ரேசேயே மான்செலைவிட வேகமாக ஓடினார். அடுத்த ஆண்டு அணி, உயரத்தைக் கணினியால் சீராக வைத்துக் கீழழுத்தத்தை முழுதாகப் பயன்படுத்தும் இயங்கு சஸ்பென்ஷனைக் கொண்டுவந்தது. அதே இருவரில் மான்செல் பதினாறு பந்தயங்களில் 14 முறை முதலிடத்திலிருந்து புறப்பட, பட்ரேசேவுக்குக் கிட்டியது ஒன்றே. இயங்கு சஸ்பென்ஷன் காரின் உடல்மொழியை மழுங்கடித்தது. எல்லையை நெருங்குகிறோம் என்ற செய்தி ஓட்டுநரின் முதுகுக்கும் கைக்கும் வந்து சேரவில்லை. கை உணர்வதற்கு முன்பே, பிடிப்பு அங்கே இருக்கும் என்று நம்பி உள்ளே எறிபவருக்கு அந்தக் கார் பணிந்தது. உணர்ந்தபின் எறியப் பழகிய பட்ரேசேவுக்கு அது பாதியளவே இணங்கியது. இருவரில் யார் மேலானவர் என்ற கேள்விக்கு இதில் விடையில்லை. எந்தக் காருக்கு யார் என்ற கேள்விக்கே விடை உண்டு.

கீழழுத்தம் கோரும் இன்னொன்று உடல். 2001 ஏப்ரலில் அமெரிக்காவின் கார்ட் தொடர் டெக்சாஸ் மோட்டார் ஸ்பீட்வேக்கு வந்தது. 24 பாகை சாய்வான வளைவுகளில் கார்கள் மணிக்கு 370 கி.மீ.க்கு மேல் சுற்றியபோது, ஓட்டுநர்கள் புவியீர்ப்பைப்போல் ஐந்து மடங்குக்கும் மிகுந்த விசையை, நேர்தடங்களில் சிறிது மூச்சுவிடும் நேரம் தவிர, சுற்றுச் சுற்றாகத் தாங்கினர். பயிற்சி ஓட்டங்களுக்குப் பின் அவர்களில் பெரும்பாலோர் தலைசுற்றல் இருப்பதாக மருத்துவர்களிடம் தெரிவித்ததால், பந்தயம் தொடங்கச் சில மணி நேரமே இருக்கையில் கைவிடப்பட்டது. வளைவில் காரைத் தக்கவைக்கும் கேள்வி தீர்க்கப்பட்ட இடத்தில், ஓட்டுநரை நினைவோடு தக்கவைக்கும் கேள்வி எழுந்தது.

அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயம், கடையில் விற்கும் கார்களைப் போன்றவையே ஓட வேண்டும் என்ற கொள்கையோடு 1948இல் உருவானது. இறக்கைக்கு அங்கே அடிப்படையிலேயே இடமில்லை. ஆயினும் 1969இன் டாட்ஜ் சார்ஜர் டேட்டோனாவும் 1970இன் பிளிமத் சூப்பர்பேர்டும் கூரிய மூக்கும் உயர்ந்த பின் இறக்கையுமாகக் கடைகளுக்கே வந்துவிட்டன. 1970 மார்ச்சில் டலடேகா தடத்தில் பட்டி பேக்கர் டேட்டோனாவில் மணிக்கு 200 மைலைத் தாண்டினார். அடுத்த ஆண்டே அவ்வகைக் கார்களின் எஞ்சின் 5 லிட்டர் அளவுக்குக் குறுக்கப்பட, அவை மறைந்தன. 1987இல் டலடேகாவில் பாபி அலிசனின் கார் மேலெழும்பிப் பார்வையாளர் வேலியைக் கிழித்தபின், மிகுவேகத் தடங்களில் எஞ்சினுக்குச் செல்லும் காற்றை நெரிக்கும் துளைத்தகடு அடுத்த ஆண்டிலிருந்து கட்டாயமானது. அங்கே காற்று அழுத்துவதைவிட இழுப்பதே பெரிது: முன்செல்லும் காரின் பின்னால் காற்று மெலிந்திருக்கும் இடத்தில் ஒட்டிச் சென்றால் குறைந்த வலுவிலும் கூடிய வேகம் கிட்டும் என்பதை, ஜூனியர் ஜான்சன் 1960 டேட்டோனா 500 பந்தயத்தில் மந்தமான தம் செவ்ரலேவைக் கொண்டே வென்று காட்டினார். ஆக, அந்தத் தடங்களில் ஓட்டுநரின் திறன் காரைத் திருப்புவதில் இல்லை. யார் பின்னால் ஒட்டுவது, யாரை எப்போது கைவிடுவது என்ற, அரசியலுக்கு நிகரான கணக்கில் இருக்கிறது.

டலடேகா போன்ற பெருந்தடங்களுக்கு வெளியே, ஒன்றரை டன் கனமும் குறைந்த கீழழுத்தமும் கொண்ட நாஸ்கார் கார், பின்சக்கரங்களை ஆக்சிலரேட்டரால் அடக்கியாளும் பழைய பொறுமையைக் கேட்கிறது. 2019இல் அமைப்பாளர்கள் எஞ்சின் வலுவைக் குறைத்து, பின்தகட்டின் உயரத்தைக் கூட்டிக் கீழழுத்தத்தை ஏற்றியபோது, மிதியை விடாமலே ஓட்ட வேண்டியிருக்கிறது என்று ஓட்டுநர்கள் முணுமுணுத்ததில் நியாயம் இருந்தது. இறக்கைக் கார்களின் உலகுக்கும் நாஸ்காருக்கும் இடையிலான தூரத்தை இரு புகழ்பெற்ற பயணிகள் அளந்து காட்டினர். இறக்கைக் கார்களில் கார்ட் பட்டமும் இண்டியானாபொலிஸ் 500 வெற்றியும் ஏழு ஃபார்முலா ஒன் வெற்றிகளும் பெற்ற கொலம்பியாவின் ஹுவான் பாப்லோ மொந்தோயா, நாஸ்காரின் முதன்மைத் தொடரில் வென்ற இரண்டு பந்தயங்களும் (சொனோமா 2007, வாட்கின்ஸ் கிளென் 2010) இடமும் வலமும் திரும்பும் சாலைத் தடங்களில் நடந்தவை. நீள்வட்டத் தடங்களில், 2009இல் இண்டியானாபொலிஸில் நெடுநேரம் முன்னணியில் இருந்தும் பிட் பாதை வேகத் தண்டனையால் இழந்ததைச் சேர்த்து, வெற்றி கைகூடவில்லை. எதிர்த்திசையில், நாஸ்கார் பட்டத்தை ஏழு முறை வென்ற ஜிம்மி ஜான்சன் 2021இல் இறக்கைக் கார்கள் ஓடும் இண்டிகார் தொடருக்கு வந்து சாலைத் தடங்களில் கடைசி வரிசைகளில் தவித்தார். 2022இல் நீள்வட்டங்களில் ஓடத் தொடங்கியதும் டெக்சாஸில் ஆறாவதும் ஐயோவாவில் ஐந்தாவதும் வந்தார். 2005இல் ஜோர்டன் அணியில் ஃபார்முலா ஒன் ஓட்டிய கோயம்புத்தூரின் நாராயண் கார்த்திகேயனும் 2010இல் நாஸ்காரின் டிரக் தொடரில் இறங்கி இதே எல்லையைக் கடந்து பார்த்தவர்களுள் ஒருவர்.

ஆயினும் காற்றையும் கையையும் தனித்தனியே எடைபோட விரும்புவோர் செல்ல வேண்டிய இடம் இந்தப் பெரிய அரங்குகள் அல்ல, அமெரிக்க நடுப்பகுதியின் மண் தடங்கள். ஸ்பிரின்ட் கார் எனப்படும் சிறிய, ஏறத்தாழ 900 குதிரைத்திறன் கொண்ட வண்டிகள் அங்கே இரு வடிவில் ஓடுகின்றன: 1978இல் தொடங்கிய வேர்ல்டு ஆஃப் அவுட்லாஸ் தொடரில் ஓட்டுநரின் தலைக்கு மேல் 25 சதுர அடிப் பரப்புள்ள இறக்கையுடனும், யு.எஸ்.ஏ.சி. அமைப்பின் தொடரில் இறக்கையே இல்லாமலும். சட்டகமும் எஞ்சினும் பெருமளவு ஒன்றாக இருக்க, காற்று மட்டும் கூட்டப்படவும் கழிக்கப்படவும் செய்கிறது. ஆய்வகத்தில்கூட இவ்வளவு தூய சோதனை அமைவது கடினம். இறக்கையுள்ள கார், மிதியை முடிந்தவரை விடாமல், வேகத்தை இழக்காத பாதையைத் தேடுபவருக்கு இணங்குகிறது. வேகத்தை விட்டால் அழுத்தம் போகும், அழுத்தம் போனால் மீண்டும் வேகம் எடுக்க நேரமாகும். இறக்கையில்லாத கார் வளைவு முழுதும் பக்கவாட்டில் கிடந்து, ஒவ்வொரு மேட்டுக்கும் ஈரப்பதத்துக்கும் மிதியை அளந்து கொடுப்பதை எதிர்பார்க்கிறது. ஆனால் இறக்கை வடிவத்தை எளிதென்று தள்ளிவிட முடியாது: மண் காய்ந்து மெருகேறும்போதும் எரிபொருள் குறையும்போதும், ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்தே எண்ணெய் அழுத்தக் கருவியால் மேல் இறக்கையை முன்னும் பின்னும் நகர்த்தி, அழுத்தத்தைப் பின்சக்கரத்துக்கும் முன்சக்கரத்துக்கும் பங்கிட்டுக்கொண்டே ஓட்ட வேண்டும். ஃபார்முலா ஒன் ஆபத்தென்று நெடுங்காலம் விலக்கிய அசையும் இறக்கை, ஐயோவாவின் நாக்ஸ்வில் போன்ற சிற்றூர்த் தடங்களில் இரவுதோறும் சர்வசாதாரணமாக இயங்கியது. வேர்ல்டு ஆஃப் அவுட்லாஸ் பட்டத்தை இருபது முறை வென்ற ஸ்டீவ் கின்சரின் பெயர் பெரிய அரங்குகளில் மிகக் குறைவாகவே ஒலிப்பதை அத்துறையின் மேட்டிமைப் பார்வை என்றே சொல்ல வேண்டும். இந்த மண்ணிலிருந்து வந்த கைல் லார்சன் 2021இல் நாஸ்கார் பட்டத்தையும் நாக்ஸ்வில் நேஷனல்ஸ் பந்தயத்தையும் ஒரே ஆண்டில் வென்றார்.

ரேலிப் பந்தயத்தில் இரண்டு காரணங்களால் கீழழுத்தம் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. சரளையும் பனியும் சேறும் கிடக்கும் சாலையில் காருக்கும் தரைக்கும் இடையிலான உயரம் நொடிக்கு நொடி மாறுவதால் அடிப்பாகத்தை நம்ப முடியாது. சுற்றுத்தடத்தைப்போல் ஒரே வளைவு திரும்பத் திரும்ப வராததால் துணிவை மனப்பாடம் செய்யவும் முடியாது. அந்த மனப்பாடத்தின் இடத்தை, துணை ஓட்டுநர் வாசிக்கும் சாலைக் குறிப்பு எடுத்துக்கொள்கிறது. 1980களின் குரூப் பி கார்களில், குறிப்பாக ஆவுடி ஸ்போர்ட் குவாட்ரோ எஸ்1 காரில், பெரிய இறக்கைகள் முளைத்தன. 1986 கோர்சிகா ரேலியில் அவ்வகைக் காரை ஓட்டிய ஹென்றி டோய்வோனனும் அவருடைய துணை ஓட்டுநரும் விபத்தில் இறந்தபின் அந்த வகையே அவ்வாண்டோடு முடிக்கப்பட்டது. 2007இன் ஃபார்முலா ஒன் உலக வெற்றியாளரான கிமி ரைக்கோனென் 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் ரேலி ஓட்டியபோது எட்டிய உச்சம், துருக்கியில் பெற்ற ஐந்தாம் இடம். தன் கண்ணை நம்பி வளர்ந்தவர், இன்னொருவரின் குரலை நம்பிக் காணாத வளைவுக்குள் இறங்க வேண்டியிருந்தது.

காற்று தரும் பிடிப்பும் காற்றில்லாப் பிடிப்பும் ஒரே ஓட்டத்துக்குள் சந்திக்கும் இடம் கொலராடோவின் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயம். கடல் மட்டத்துக்கு மேல் 2,862 மீட்டர் உயரத்தில் தொடங்கி, 156 திருப்பங்களைக் கடந்து, 20 கி.மீ. தூரத்தில் 4,302 மீட்டர் உச்சியை அடையும் இச்சாலை, 2012 பந்தயத்தின்போது முழுவதும் தார்ச்சாலையாகியிருந்தது. உச்சியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே இங்கு வரும் கார்கள் சமவெளியில் நகைப்புக்கிடமாகத் தோன்றும் பேரிறக்கைகளைச் சுமக்கின்றன. ரேலியில் ஒன்பது உலகப் பட்டங்கள் வென்ற செபாஸ்டியன் லோப், 2013இல் லெ மான் காரான பெஷோ 908இன் பின் இறக்கையைத் தாங்கிய பெஷோ 208 காரில் 8 நிமிடம் 13.878 நொடியில் மேலேறினார். 2018இல் ரோமன் டுமா மின்சாரக் காரான ஃபோக்ஸ்வாகன் ஐ.டி. ஆர். மூலம் அதை 7 நிமிடம் 57.148 நொடியாகக் குறைத்தார். உயரம் கூடக்கூடப் பெட்ரோல் எஞ்சினுக்குக் காற்று போதாமல் போவதுபோல் மின்மோட்டாருக்கு நேர்வதில்லை, ஆனால் இறக்கைக்கு அந்தச் சலுகை கிடையாது. கீழே மரங்களுக்கிடையில் ஒரு வளைவு தாங்கிய வேகத்தை, மேலே தடுப்புச்சுவரற்ற அதையொத்த வளைவு தாங்காது. பயிற்சி நாள்களில் மலையைப் பகுதி பகுதியாகப் பிரித்தே ஓட அனுமதிப்பதால், முழுச் சாலையையும் போட்டி வேகத்தில் ஒரே மூச்சாக ஏறும் வாய்ப்பு ஓட்டுநருக்குப் பந்தய நாளன்றுதான் கிடைக்கிறது. எந்தத் திருப்பத்திலிருந்து இறக்கையை எவ்வளவு குறைவாக நம்ப வேண்டும் என்ற கணக்கை அவர் அந்த எட்டு நிமிடங்களுக்குள் போட்டுக்கொண்டே ஏறுகிறார்.